லாத்தே என்றால் குதிரை

2019 செப்டம்பரில் பி.பி.சி. 2 தன் முகநூல் பக்கத்தில் அன்றைய சொல்லாக ஒரு கொரியச் சொல்லைப் போட்டது: கொன்தே. தான் சொல்வது எப்போதும் சரி, எதிரே இருப்பவர் சொல்வது எப்போதும் தப்பு என்று நம்பும் பெரியவர். கார், கைப்பேசி, கிம்ச்சி என நீளும் கொரிய ஏற்றுமதிப் பட்டியலில் அன்று மேலாளர்களும் சேர்ந்தார்கள்.

முதலில் இது பள்ளிப் பிள்ளைகள் வாத்தியாருக்கும் அப்பாவுக்கும் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். பிறகுதான் அலுவலகத்துக்கு வந்தது. கொன்தேயை அடையாளம் காண்பது சுலபம். பேச்சை ஆரம்பிக்கும்போதே 'நா த்தேனுன் மாரியா' என்பார். 'எங்க காலத்துல' என்று அர்த்தம். இளசுகள் அதை 'லாத்தேனுன் மாரியா' என்று திரித்துவிட்டார்கள். லாத்தே என்பது காப்பி; 'மாரியா'வுக்குள் இருக்கும் 'மால்' என்ற சொல்லுக்குப் பேச்சு, குதிரை என்று இரண்டு பொருள். ஆக, மேலாளர் தன் வீரப் பிரதாபத்தை அவிழ்க்கும்போது, 'லாத்தே என்பது குதிரை' என்று கேட்டுச் சிரிப்பை அடக்குகிறார்கள் ஊழியர்கள். காப்பீட்டு விளம்பரம் ஒன்றில் நிஜக் குதிரையே வந்து நின்றது.

சிரிப்பு போதாதபோது 'பேக்போக்'. உண்மைத் தகவலால் அடிப்பது என்று பொருள். அடி எலும்பில் பட வேண்டும் என்பது சம்பிரதாயம். நிறைய வாங்கியவர் எலும்பில்லாக் கோழிக்கறி ஆகிவிடுவார். அதற்கும் 'சுன்சல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுப் பேச்சில்தான் அடி பலமாக விழும். "சிக்கனமாக இருந்தேன், சேர்த்தேன், சியோலில் வீடு வாங்கினேன்" என்பார் பெரியவர். அதில் பொய் இல்லை. ஆனால் 1980களில் வங்கி வைப்புக்கே பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. இன்று சியோலில் ஓர் அடுக்ககத்தின் சராசரி விலை 100 கோடி வோனைத் தாண்டிவிட்டது. 2025இன் குறைந்தபட்சக் கூலி மாதத்துக்குச் சுமார் 21 லட்சம் வோன். ஒரு வோன்கூடச் செலவழிக்காமல், சாப்பிடாமல் சேர்த்தாலும் கிட்டத்தட்ட 40 ஆண்டு ஆகும். பெரியவருக்கு எலும்பு போச்சு.

ராணுவப் பேச்சுக்கு வந்தால் கதை மாறும். 1980களின் பிற்பகுதியில் கட்டாயப் படைச்சேவை 30 மாதம். இப்போது தரைப்படையில் 18 மாதம். பணி முடிந்த நேரத்தில் கைப்பேசிக்கும் 2020 முதல் முறையான அனுமதி உண்டு. "நாங்க பட்ட பாடு உங்களுக்கு என்ன தெரியும்" என்று மாமா உறுமினால், அந்த உறுமலுக்கு அரசாங்கக் கணக்கே சாட்சி. தனிநபர் வருமானம் ஆண்டுக்கு நூறு டாலரைத் தொடாத 1960களின் தொடக்கத்தில் பிறந்து, 30,000 டாலரைத் தாண்டிய தேசத்தில் ஓய்வுபெறுகிறவரிடம் பழைய கதை பேசாதே என்பது கொஞ்சம் அநியாயம்தான். அவர் சறுக்கும் இடம் வேறு. தனக்கு நடந்தது எல்லோருக்கும் எப்போதும் நடக்கும் என்கிறாரே, அங்கே. அதற்கும் ஒரு சொல் தயார்: 'நுவேபிஷல்'. மூளை என்ற சொல்லின் வாலில் 'அஃபிஷியல்' என்பதை ஒட்டியது. சொந்த மண்டையே வெளியிட்ட அரசு அறிக்கை.

இளைஞர்கள் மட்டும் யோக்கியமா? வேலைக்கு வந்து இரண்டே வருடமான பையன், நேற்று சேர்ந்தவனிடம் "நான் புதுசா வந்தப்ப..." என்று ஆரம்பிக்கிறான். இவன் 'ஜொம்கொன்', இளம் கொன்தே. வயதானவரின் கதையிலாவது ஒரு பஞ்சமோ பொருளாதார நெருக்கடியோ வரும். இவன் கதையில் பழுதான அச்சு இயந்திரம்தான் வருகிறது.

1990களில் பிறந்தவர்களைப் புரிந்துகொள்ளச் சொல்லி 2018இல் ஒரு புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு அதிபர் மூன் ஜே-இன் அதைத் தன் மாளிகை ஊழியர்களுக்கே வாங்கிக் கொடுத்தார். அந்தத் தலைமுறையின் மூத்த பிள்ளைகள் 35 வயதைத் தாண்டிவிட்டார்கள். 2011இல் படையில் சேர்ந்தவர்கள் 21 மாதம் இருந்தார்கள், கைப்பேசி இல்லாமல். அவர்கள் இப்போது அதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.