ரெண்டாவது வெட்டு

ஏலேய் பேராண்டி, இங்க வந்து உக்காரு. என்னலே தாடி இது? கதை எழுதப் போறியா? சரிதான். கதைக்கும் சவரக் கத்திக்கும் என்ன பகை?

போன வாரம் உன் கூட்டாளி வந்தான். "தாத்தா, மேதைக்கும் பைத்தியத்துக்கும் நடுவுல ஒரு நூலுதான்"னான். சொல்லிட்டு, டீக்கடையில என் கணக்குல ரெண்டு வடையும் தின்னுட்டுப் போயிட்டான். நூலு இருக்குங்கது வாஸ்தவம். வடை தின்னது எந்தப் பக்கமாம்?

ஸ்பெயின் தேசத்துல செர்வாண்டிஸ்னு ஒரு மனுசர். 1571ல லெபாந்தோ கடல் சண்டைக்குப் போயி இடது கை விளங்காமப் போச்சு. பொறகு கடல்கொள்ளைக்காரன் கையில சிக்கி, அல்ஜியர்ஸ்ல அஞ்சு வருசம் அடிமை. திரும்பி வந்து வரி தண்டுற வேலை பாத்தாரு. கணக்கு ஒதைச்சது, ஜெயிலு. இவ்வளவையும் பாத்தவரு 1605ல ஒரு கிறுக்கனைப் பத்தி எழுதினாரு. பேரு டான் குவிக்ஸாட். கிறுக்கு கதையில இருந்துச்சு, எழுதுனவருக்கு இல்ல. இதை வேட்டி முந்தியில முடிஞ்சு வச்சுக்க.

குவிக்ஸாட்டுக்கு வயசு அம்பதை ஒட்டி. நெலத்தை வித்து வித்து வீரசாகசப் புத்தகமா வாங்குனாரு. நம்மூர்ல நெலத்தை வித்துச் சீட்டாடுனவன் உண்டு, படிச்சவன் உண்டா? ராத்திரி பகலாப் படிச்சதுல மூளை வத்திப் போச்சு. நானும் வீரன்தான்னு கிளம்பிட்டாரு. எலும்பும் தோலுமா ஒரு குதிரை. அதுக்குப் பேரு வைக்க நாலு நாள் யோசனை, தனக்குப் பேரு வைக்க எட்டு நாள். உன் புனைபேருக்கு நீ எத்தனை நாள் எடுத்த? ஆறு மாசமா? அடேயப்பா, அவரையே தோக்கடிச்சிட்டயே!

காத்தாலையை ராட்சசன்னு நெனச்சு ஈட்டியோட பாஞ்ச கதையைத்தான் எல்லாரும் சொல்லுவான். முப்பது நாப்பது காத்தாலை. அந்த மனுசனை நம்ம கயத்தாறு ரோட்டுல விட்டா ஆயுசு பத்தாது. அது கெடக்கட்டும். எனக்குப் புடிச்சது அவரு தலைக்கவசம்.

இருந்தது அரைக் கவசந்தான். முகத்தை மூட ஒண்ணும் இல்ல. அட்டையை வெட்டி ஒட்டி மீதியைச் செஞ்சாரு. ஒரு வாரப் பாடு. தாங்குமான்னு பாக்க வாளை எடுத்து வெட்டுனாரு. மொத வெட்டுலயே பிஞ்சு போச்சு. மறுபடியும் ஒக்காந்து உள்ள இரும்புப் பட்டை வச்சுக் கட்டுனாரு. இந்தத் தடவை வெட்டிப் பாக்கல! அருமையான கவசம்னு தலையில மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

ஏன்லே வெட்டல? முழுப் பைத்தியமா இருந்தா இன்னொருக்க ஓங்கி வெட்டியிருப்பான். அவனுக்குத்தான் சந்தேகமே கெடையாதே. முழுப் புத்திசாலியா இருந்தா அட்டையைத் தலையில வச்சே இருக்க மாட்டான். இவருக்கு உடையும்னு தெரியும், தெரிஞ்சே மாட்டிக்கிட்டாரு. உன் கூட்டாளி சொன்ன நூலு அங்கதான் தொங்குது, ஓங்காத அந்த வாள்ல.

ஆனா ஒண்ணு. அவரு மொத வெட்டை வெட்டிப் பாத்தவரு. நீ உன் கதையை யாருட்டயாவது காட்டுனியா? காட்டல. கேட்டா, "உலகத்துக்குப் புரியாது"ங்க. மூஞ்சியில மட்டும் மேதைக் களை!

இப்ப சாஞ்சோவுக்கு வாரேன். குவிக்ஸாட்டுக்குக் கூட வந்த ஆளு. குடியானவன். எழுதப் படிக்கத் தெரியாது, கழுதையில வருவான். வாயைத் தொறந்தாச் சொலவடை. எனக்குப் பங்காளி முறைதான் வேணும். காத்தாலையைக் காத்தாலைன்னு சொன்னவன் அவன்தான். ஆனா அவன் ஏன் பின்னாலயே போனான்? ஒரு தீவுக்கு அதிகாரி ஆக்குறேன்னு எசமான் சொல்லியிருந்தாரு. கிறுக்கன் சொன்ன தீவை நம்பி வீட்டை விட்டுப் போன தெளிஞ்ச புத்தியை என்னத்தச் சொல்ல?

எசமான் மனசுல துல்சினேயான்னு ஒரு மகராணி. கழுதையில வந்த பட்டிக்காட்டுப் பொண்ணைக் காட்டி, "இவதான் அவ"ன்னுட்டான் சாஞ்சோ. இவரு கண்ணுக்கோ வெறும் பட்டிக்காட்டுப் பொண்ணாத்தான் தெரியுது! ஏதோ மந்திரம் மறைக்குன்னு நம்பிட்டாரு. அந்த மந்திரம் தீர சாஞ்சோ தன்னைத்தானே 3,300 சாட்டையடி அடிச்சுக்கணும்னு வேறொரு கூட்டம் கேலிக்குச் சொல்லி வச்சுது. எசமான் அடிக்கு இம்புட்டுன்னு கூலி பேசுனாரு. ஏழெட்டு அடிச்சான், வலிச்சது. கட்டுப்படியாகாதுன்னான். கூலி ரெட்டிப்பாச்சு. பொறகு இருட்டுல மரத்தை அடிச்சுக்கிட்டே, "ஐயோ அம்மா"ன்னு கத்துனான்.

1615ல ரெண்டாம் பாகம் வந்துச்சு. கடைசியில எசமான் காய்ச்சல்ல படுத்தாரு. தூங்கி முழிச்சாரு, புத்தி தெளிஞ்சிருச்சு. நான் வீரனும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்தப் புத்தகமெல்லாம் குப்பைன்னாரு. ஊருக்கெல்லாம் நிம்மதியா இருந்திருக்கணும்லா? சாஞ்சோ ஓடி வந்து அழுதான். "சாகாதீக எசமான், எந்திரிங்க. ஆடு மேய்க்கப் போவோம், துல்சினேயா ஏதாச்சும் பொதருக்குப் பின்னால இருப்பா"ன்னான்.

அடிக்கு அடி காசு எண்ணுன பயல், அன்னைக்குக் கூலி பேசல.

எசமான் உயில்ல அவனுக்கும் காசு ஒதுக்கியிருந்தாரு. அவரு உசுரு போகிறதுக்குள்ளயே வீட்டுல சாப்பாடும் குடியும் நடந்துச்சு. சாஞ்சோவும் கொஞ்சம் குஷியாத்தான் இருந்தான்னு செர்வாண்டிஸ் எழுதி வச்சிருக்காரு. கேட்டியா? சரி, எந்திரி. அந்த வடைக் காசை உன் கூட்டாளிகிட்ட வாங்கிட்டு வா.