வந்தது வந்தாச்சு

போன ஞாயிற்றுக்கிழமை சுலோச்சன முதலியார் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டு என் மச்சினனைப் பார்த்து நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முட்டியில் தடவிய தைலம் இன்னும் காயவில்லை. ஆனால் நாங்கள் எதற்காக அந்தப் பாலத்துக்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தப்பு என் பேரில் என்று ஆகிவிடும்.

மச்சினன் காதுகுத்துக்காகச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மூணாம் வகுப்பிலேயே ஊரை விட்டுப் போனவன். விசேஷமெல்லாம் முடிந்து சனிக்கிழமை ராத்திரி மிச்ச அதிரசத்தைக் கடித்துக்கொண்டே, "அத்தான், வந்தது வந்தாச்சு, நாளைக்கு அந்த இரட்டை நகரத்தையும் பாத்துட்டு வந்துருவோம்" என்றான்.

"எந்த இரட்டை?"

"திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும்தான். நடுவுல ஆறு ஓடுதுல்லா? ஒரே நாள்ல ரெண்டு ஊரு."

தள்ளுபடியில் ஒரு சட்டைக்கு இன்னொரு சட்டை சும்மா கிடைத்தால் ஒரு முகம் வருமே, அந்த முகத்தோடு சொன்னான்.

என்னைப் போன்ற இளையரசனேந்தல்காரனுக்குத் திருநெல்வேலி பார்க்கிற ஊரே கிடையாது. அது மனுக் கொடுக்கிற ஊர். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்த ஊர். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்துவிட்டு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்த ஊர். 2008-ல் எங்கள் பிர்க்காவைச் சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து எடுத்துக் கோவில்பட்டியோடு சேர்த்துத் தூத்துக்குடி மாவட்டம் ஆக்கினார்கள். பஞ்சாயத்து யூனியன் மட்டும் குருவிகுளத்திலேயே நின்றுகொண்டது. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது குருவிகுளம் அந்தப் பக்கம் போய்விட்டது. பட்டாவுக்குக் கிழக்கே, தெருவிளக்குக்கு மேற்கே. ஒரே ஊர் இரண்டு மாவட்டத்திலும் ஒவ்வொரு காலை வைத்து நின்றதை ஒருவரும் டூர் வைத்துப் பார்க்க வரவில்லை. இரண்டு ஊரும் 1994-லிருந்து ஒரே மாநகராட்சியாக இருக்கிற இடத்துக்குப் போய் 'இரட்டை' பார்க்க வேண்டுமாம்.

விடியற்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம். மாமியார் மட்டும் நாலு மணியிலிருந்து சேலை மாற்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். அவர்கள் பிறந்தது சேரன்மகாதேவி. ஆற்றில் குளித்து வளர்ந்தவர்களை எங்கள் கரிசல் காட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். "ஆத்துல காலை நனைச்சிட்டு ஒரு பாட்டில் தண்ணி மோந்துட்டு வரணும் மாப்ளே, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள். கோவில்பட்டிக் குழாயில் வருவதும் சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர்தானே என்று சொல்லிப் பார்த்தேன். "குழாய்ல வந்தா அது ஆறா?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்று நானே பெருமைக்குச் சொல்லித் தொலைத்தேன். அரை மணி நேரம் போயிற்று. அங்கே நின்றபடியே மச்சினன் போனில் வரைபடத்தைப் பார்த்து, "எட்டயபுரம் பக்கத்துலதான காட்டுது, பாரதியார் வீடு. வந்தது வந்தாச்சு..." என்றான். எட்டயபுரம் கிழக்கே. அதை மறுத்து முடிப்பதற்குள் கழுகுமலை வெட்டுவான் கோயில் என்றான். அது மேற்கே. நாங்கள் போக வேண்டியது தெற்கே. வடக்கே விருதுநகரில் புரோட்டா இருப்பது நல்லவேளையாக அவன் ஞாபகத்துக்கு வரவில்லை.

கயத்தாற்றில் தப்ப முடியவில்லை. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடம். அங்கே இடம் வாங்கிச் சிலை வைத்தவர் சிவாஜி கணேசன். மச்சினன் பிள்ளைகளில் பெரியவன் சிலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாமா, இது சிவாஜியா கட்டபொம்மனா?" என்று கேட்டான். அன்றைக்கு முழுக்க யாராவது கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போட்டோ எடுத்து முடித்து, "பாத்தாச்சு, ஏறு ஏறு" என்று காரில் அடைத்துவிட்டார்கள்.

இந்த 'வந்தது வந்தாச்சு'வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாலத்துக்குப் போகிறேன். நம்முடைய அத்தனை அலைச்சலுக்கும் இந்த ரெண்டு சொல்தான் காரணம். ஐகிரவுண்டில் கிடந்த பெரியப்பாவைப் பார்க்க ஒருமுறை வேன் பிடித்துப் போனோம். அவர் கண்ணைத் திறந்து எங்களை எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் கீழே சுகர் டெஸ்டுக்கு வரிசையில் நின்றார்கள். வந்தது வந்தாச்சாம். டவுணில் ஒரு கேதத்துக்குப் போனோம். திரும்புகிற வேனில் ஆட்களை விடப் பித்தளைப் பாத்திரம் அதிகம். காலையில் ஒப்பாரி வைத்துக் கட்டிய தொண்டை, குத்துவிளக்குக்குப் பேரம் பேசும்போது எப்படித் திறந்தது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் பெண் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா, வந்தது வந்தாச்சு என்று தொழுவத்துப் பக்கம் போய் ஒரு கிடாரிக்கு விலை பேசி முடித்தார். அந்த வருஷம் அந்தக் குடும்பத்தில் உருப்படியாக அமைந்தது அந்தக் கிடாரி ஒன்றுதான்.

நம் ஆட்களை மட்டும் குறை சொல்வானேன். வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுப் பக்கம் இறங்கியது மிளகுக்கு. மிளகை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறுவதை விட்டுவிட்டு, வந்தது வந்தாச்சு என்று போர்ச்சுக்கல்காரர்கள் நாலரை நூற்றாண்டு இருந்தார்கள். கும்பினிக்காரர்கள் துணி வாங்க வந்தார்கள், வந்தது வந்தாச்சு என்று வரியும் வாங்கினார்கள். அந்தப் பாக்கிக் கணக்குக் கயத்தாற்றுப் புளியமரத்தில் போய் முடிந்தது. கால்டுவெல் வந்தது வேதம் போதிக்க. வந்தது வந்தாச்சு என்று 1856-ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம், 1881-ல் திருநெல்வேலிக்கு ஒரு சரித்திரம். அவருடைய வந்தது வந்தாச்சில் கொஞ்சம் உழைப்பு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நானும் யோக்கியன் இல்லை. வாலிபத்தில் சாதிச் சான்றிதழுக்காக ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி, வந்தது வந்தாச்சு என்று மேட்னி ஒன்று, அது முடிந்து இன்னொன்று. ஆபீஸ் பூட்டி அரை மணி ஆன பிறகு கேட்டில் போய் நின்றேன். அப்பாவிடம் அதிகாரி லீவு என்று சொன்னேன். அந்த அதிகாரி இன்றைக்கு இருந்தால் மன்னிக்க வேண்டும்.

சரி, பாலம். டவுணுக்குள் நுழையும்போது நெல்லையப்பர் கோயிலில் நடை சாத்தியாகிவிட்டது. மத்தியானம் நடை சாத்துவார்கள் என்று நான் காலையிலிருந்து ஏழு தடவை சொல்லியிருந்தேன். "அப்ப இந்த கேப்புல ரெண்டாவது ஊரைப் பாத்துருவோம்" என்றான். முதல் தடவை பாலத்தில் ஏறினோம்.

1843-ல் திறந்த பாலம் அது. அதற்கு முன்னால் அக்கரை இக்கரை போவதற்குப் பரிசல்தான், வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். மனைவியின் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பதினொரு கமான். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, காருக்குள் நாலு தலையும் நாலு போனில் கவிழ்ந்திருந்தன. மாமியார் மட்டும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் மானாவாரி. மேகத்தைப் பார்த்து விதைக்கிறவன் கண்ணுக்குக் கோடையிலும் ஓடுகிற தண்ணீரை விடப் பெரிய அதிசயம் எது? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலுக்குப் போகிற வரை வேறு மாநிலத்திடம் கையேந்தாத ஆறு. நிறுத்தலாமா என்று கேட்டேன். "வர்றப்ப பாத்துக்கலாம் அத்தான்."

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம். பிள்ளைகள் வெளியே வர மாட்டோம் என்று அழுதது அங்கே மட்டும்தான், அதனால் சீக்கிரம் கிளப்பிவிட்டார்கள். பிறகு ஊசிக் கோபுரம். 1826-லிருந்து நிற்கிற தேவாலயம், அதன் உச்சியைப் படத்தில் அடக்க மச்சினன் ரோட்டில் கிட்டத்தட்ட மல்லாந்துவிட்டான். அடுத்தது கோட்டை வேண்டுமென்றான். பாளையங்கோட்டை என்று பேர் வைத்துக்கொண்டு கோட்டை இல்லாமல் எப்படி என்று அவனுக்கு ஆதங்கம். 1801-ல் ஊமைத்துரை சிறையை உடைத்துக்கொண்டு போன ஊர் இது, கோட்டையை அப்புறம் இடித்துப்போட்டார்கள், மிஞ்சிய வாசல்களில் ஒன்றில் போலீஸ் ஸ்டேஷன் வைத்தார்கள், மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று பேர் என்றேன். "ஸ்டேஷன் வாசல்ல நின்னா போட்டோ எடுக்கச் சொல்றீங்க?" என்று காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டான். ஊமைத்துரை வெளியே வரத் துடித்த இடத்தில் இவன் உள்ளே போகப் பயந்தான்.

நாலு மணிக்குக் கோயில். இரண்டாம் தடவை பாலம். "நடை திறந்துருவாங்க, விடுங்க அத்தான்."

நெல்லையப்பர் கோயிலை நான் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். நடராசருக்கு இருக்கிற ஐந்து சபைகளில் தாமிரசபை இங்கே. சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் 1647-ல் சங்கிலி மண்டபத்தால் இணைத்தார் வடமலையப்பப் பிள்ளையன். உண்மையான இரட்டை அதுதான், ஆனால் அந்த மண்டபத்தில் எங்கள் கூட்டம் நின்றது காணாமல் போன ஒரு செருப்பைப் பற்றி விவாதிக்க. மணிமண்டபத்தில் இசைத்தூண்கள். ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய சின்னத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். மச்சினன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு நெருங்கினான். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பார்த்த பார்வையில் சாவி தானாகப் பைக்குள் போனது. "யூட்யூப்ல சத்தம் இருக்கு, வீட்டுல போய்க் கேட்டுக்கலாம்" என்றான்.

வெளியே வந்ததும் ஒரு அலறல். அவன் பவர் பேங்கைப் பாளையங்கோட்டையில் சாப்பிட்ட ஓட்டலில் மறந்துவிட்டானாம். பவர் பேங்க் இல்லாவிட்டால் போன் கிடையாது, போன் இல்லாவிட்டால் டூரே நடக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாம் தடவை பாலம். திரும்பும்போது நான்காம் தடவை. சூரியன் சாய்ந்து, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். ஆற்றுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று புலவர்கள் ஆயிரம் சொல்லலாம், அந்த நேரத்தில் அந்தப் பாலத்தில் நின்றவனுக்குச் சந்தேகமே வராது. கீழே யாரோ துணி அலசுகிற சத்தம். கிளட்சை மிதித்து மிதித்து என் இடது முட்டி தனியாக அழுதுகொண்டிருந்தது. மாமியார் பாட்டில் மூடியைத் திருகுவதும் மூடுவதுமாக இருந்தார்கள். மச்சினன் பின்னால் இருந்து, "அத்தான், சீக்கிரம் விடுங்க, அல்வாக் கடையில கூட்டம் சேந்துரும்" என்றான்.

அங்கேதான் காரை நிறுத்தினேன்.

நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் அந்த அல்வா விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். பிரச்சினை கடை இல்லை, பட்டியல். மேல்வீட்டுக்குக் கால் கிலோ, ஆபீசில் மேனேஜருக்கு அரைக் கிலோ, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்குக் கால், பிள்ளைகளின் பஸ் டிரைவருக்குக் கால், பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திக்கு, பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரியும்படியாக, நூறு கிராம். கோதுமைப் பால், சீனி, நெய் என்று எல்லா ஊரிலும் கிண்டுகிறார்கள். இந்த ஊர் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று கேட்டால் சொல்வார்கள். அந்தத் தண்ணீரை ஒருத்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் கிண்டி, நெய் வடியப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் ஆறு கிலோ வாங்குகிறான். மாமியாருக்குச் சர்க்கரை. அவர்களுக்கு அதுவும் கிடையாது.

அல்வா முடிந்து ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். 1973-ல் வந்த பாலம், அப்போது இந்தியாவிலேயே இந்த மாதிரி வேறு இல்லை என்று எங்கள் வாத்தியார் வகுப்பில் சொல்வார். வந்தது வந்தாச்சு என்று மேல் தட்டில் ஒரு தடவை, கீழ்த் தட்டில் ஒரு தடவை. கீழ்த் தட்டில் போகும்போது மேல் தட்டைப் படம் எடுக்க முடியவில்லை என்று ஒரு சண்டை.

வீடு சேர்ந்தபோது ராத்திரி பதினொன்றரை. மாமியார் பாட்டிலைக் கழுவாமலே அடுப்பங்கரை மேடையில் கவிழ்த்து வைத்தார்கள். கழுவ வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த தடவை நானும் நீங்களும் பஸ்ஸில் போவோம், குறுக்குத்துறையில் இறங்கி நனைவோம் என்றேன். "ஆத்துல தண்ணி நிறைய கெடந்துச்சு மாப்ளே, கண்ணால பாத்தேன்ல" என்று எனக்கே சமாதானம் சொன்னார்கள். எனக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி ரயில் ஏறிய பிறகு மச்சினன் குடும்பக் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்களைப் போட்டான். கோபுரம், அல்வா, சிவாஜியா கட்டபொம்மனா, எங்கள் கார், அல்வா, என் கோபமான முகம், அல்வா. எல்லாவற்றுக்கும் மேலே 'திருநெல்வேலி பார்த்தாச்சு' என்று எழுதியிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தனியாக ஒரு செய்தி.

"அத்தான், பாளையங்கோட்டையை மறந்தே போயிட்டோமே. ஆறு தாண்டி இருக்குன்னுதான சொன்னாங்க? பரவாயில்ல, பொங்கலுக்கு வருவோம்ல, அப்ப அதையும் முடிச்சிருவோம்."