ரா ஃபைலை எதுல கழுவுறது, மருமகனே?

வா மருமகனே, உக்காரு. கேமரா வாங்கியாச்சு, லென்ஸ் வாங்கியாச்சு, ரெண்டுக்கும் மாசத் தவணையும் ஓட ஆரம்பிச்சாச்சு. இப்போ "ரா ஃபைலை எதுல போட்டுக் கழுவலாம் மாமா"ன்னு கேக்குற. யூடியூப் வாத்தியாருங்க அத்தனை பேரையும் கேட்டுக் குழம்பி முடிச்சு, கடைசியாத்தான் இந்தக் கிழவன் கண்ணுல பட்டிருக்கேன். போகட்டும். இருட்டு ரூமுல ஹைப்போ நாத்தத்துல நின்னு ஃபிலிம் கழுவுன கை இது. நீ மவுஸைப் பிடிச்சுக் கழுவுற. வேலை அதேதான், நாத்தம் குறைஞ்சிருக்கு, செலவு கூடியிருக்கு.

உன் மொதப் புகார் என்ன? கேமரா முதுகுல பாக்குறப்போ கல்யாணப் பொண்ணு பளிச்சுன்னு இருந்தா, கம்ப்யூட்டர்ல திறந்ததும் சோகை பிடிச்சுப் போயிட்டா, அதனால சாஃப்ட்வேர் சரியில்லை. அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! கேமரா முதுகுல நீ பாக்குறது ரா இல்லை அய்யா. கேமராவே சமைச்சு, ரா ஃபைலுக்குள்ள பொட்டலமா வச்சிருக்கிற ஜேபெக். சாஃப்ட்வேர்ல திறந்ததும் ஒரு நொடி அழகாத் தெரிஞ்சு அப்புறம் மங்குதே, கவனிச்சிருக்கியா? அந்த ஒரு நொடி கேமராக்காரன் கைப்பக்குவம். மங்குனதுக்கப்புறம் வர்றது சாஃப்ட்வேரோட யூகம்.

யூகம்னுதான் சொன்னேன், முறைக்காத. சென்சாருக்கு நிறமே தெரியாது. வெளிச்சம் எவ்வளவு விழுந்துச்சுங்கிறது மட்டும்தான் தெரியும். கோடாக் கம்பெனியில இருந்த பிரைஸ் பேயர்ங்கிற மனுசன், ஒவ்வொரு புள்ளிக்கு மேலயும் ஒரு கலர் ஃபில்டரை வச்சாப் போதும்னு யோசிச்சு, 1976ல காப்புரிமை வாங்குனாரு. பாதிப் புள்ளிக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். ஆக, எந்தப் புள்ளியிலயும் ஒரு நிறம்தான் நிஜம். மத்த ரெண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பாத்துக் கணக்குப் போட்டு நிரப்பணும். ஃபியூஜிக்காரன் 2012ல எக்ஸ்-டிரான்ஸ்னு வேற அடுக்கு ஒண்ணைக் கொண்டுவந்தான், அதுக்குத் தனிக் கணக்கு. இந்தக் கணக்குல எவன் ஒசத்தின்னு படத்தை 400 சதவீதம் பெருசாக்கி வச்சுக்கிட்டுச் சண்டை போடுறாங்க. 12க்கு 36 ஆல்பத்துல அச்சடிச்சுக் கொடு, உங்க அத்தை கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. அவ கண்ணுக்குத் தப்புன குறை இந்த வீட்டுல ஒண்ணு கிடையாது, தெரியும்ல?

பின்னே ரா எதுக்குன்னு கேக்காத. ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான். 14 பிட் ராவுல 16,384. மாப்பிள்ளை வேட்டி வெளுத்துப் போனாலும், பொண்ணோட அரக்குப் பட்டு இருட்டுல மூழ்குனாலும், இழுத்து மேல கொண்டுவர இடம் இருக்கும். அந்த இடத்தைக் கெடுக்காத எந்த சாஃப்ட்வேரும் உனக்குப் போதும்.

இப்போ கேளு. கேமராவோட ஓசியிலயே ஒண்ணு வருது, தொட்டுப் பாத்தியா? கேனான்னா டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கான்னா என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனின்னா இமேஜிங் எட்ஜ். ஓசிங்கிறதால உனக்கு இளப்பம். ஆனா கேமராவுல நீ வச்ச பிக்சர் ஸ்டைல் என்னன்னு அதுக்குத்தான் சரியாத் தெரியும். சோகை பிடிச்ச பொண்ணு அதுல திறந்தா சோகை இல்லாமலே வருவா. ஃபியூஜியோட எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னும் வேடிக்கை. கேமராவை வயரால கம்ப்யூட்டர்ல கோத்துவிட்டு, கேமராவுக்குள்ள இருக்கிற சிப்பையே வேலை வாங்கிக் கழுவுது. குறை இல்லாம இல்லை. இதுல பலது ஆமை வேகம்; ஒரே கல்யாணத்துல நீ எடுத்துத் தள்ளுற ஆயிரக்கணக்கான படத்தை இதுல கழுவி முடிக்கிறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு வளைகாப்பே வந்துரும். அதுக்கும் நீதான் போட்டோகிராபர்னா லாபம்தான்.

அதனாலதான் ஊரே லைட்ரூம் லைட்ரூம்ங்குது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைக்காரன். படத்தைப் பொறுக்குறது, அடுக்குறது, ஒண்ணுல பண்ணுனதை நூறுல ஏத்துறது எல்லாம் வேகம். நாளைக்கு எடிட்டிங்குக்கு ஒரு பையனை வச்சாலும் அவனுக்கு அதுதான் தெரிஞ்சிருக்கும். 2007ல முதல் பதிப்பு வந்துச்சு. 2015ல வந்த ஆறாவதோட ஒருதடவை காசு கொடுத்து வாங்குற கதை முடிஞ்சுது. 2017லிருந்து சந்தாதான். கட்டுறதை நிறுத்துனா என்ன ஆகும்னு எந்த வாத்தியாராவது சொன்னானா? நான் சொல்றேன். லைட்ரூம் கிளாசிக்கில உன் படமெல்லாம் தெரியும், வெளிய எடுத்துக்கவும் விடுவான். ஆனா நிறத்தைத் திருத்துற டெவலப் பகுதி பூட்டிக்கும்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு இருக்கு. நீ ராத்திரி முழுக்க உக்காந்து இழுக்குற ஸ்லைடர் எதுவும் ரா ஃபைலுக்குள்ள போறது இல்லை. தனியா ஒரு குறிப்பாத்தான் நிக்குது, லைட்ரூம்ல அதுக்குப் பேரு கேட்டலாக். வேற சாஃப்ட்வேருக்கு மாறுனா நட்சத்திரக் குறி, தலைப்பு மாதிரி சிலது கூட வரும். நீ கொண்டுவந்த நிறமும் நிழலும் அப்படியே வராது. வாடகை வீட்டுக் கொல்லையில முருங்கை வச்சுத் தண்ணி ஊத்துறவன், வீடு மாறுறப்போ மரத்தைத் தூக்கிட்டா போவான்? அதுக்காக முருங்கை வைக்காதன்னு சொல்லலை. காய் காய்க்கிறப்பவே பறிச்சு வச்சுக்க. முக்கியமான படத்தை 16 பிட் டிஃப்ஃபா வெளிய எடுத்து வை, ராவையும் தூக்கிப் போட்டுறாத.

"பெரிய கம்பெனி மாமா, எங்க போகப் போறான்"னு இளிக்காத. ஆப்பிள் பெரிய கம்பெனியா சின்னக் கம்பெனியா? அவன் 2005ல அபர்ச்சர்னு ஒண்ணைக் கொண்டுவந்தான். நல்ல நல்ல போட்டோகிராபரெல்லாம் அதுல வருசக்கணக்குல படத்தை அடுக்கி வச்சாங்க. 2014ல இனிமே இல்லைன்னுட்டான். 2019ல வந்த கேட்டலினாங்கிற மேக் ஓஎஸ்ல அது ஓடவே ஓடாது. அதுக்கு முன்னாடியே ராஷூட்டர்னு ஒண்ணு நல்லாப் போயிட்டிருந்துச்சு. 2006ல லைட்ரூம்காரன் அடோபி அந்தக் கம்பெனியவே வாங்கிட்டான், ராஷூட்டர் அதோட சரி. பிபிள்னு இன்னொண்ணை 2012ல கோரல் வாங்கிப் பேரையே மாத்திட்டான். ஒரு சாஃப்ட்வேரைப் பாக்கப் போனா, உள்ள நுழையுற வாசலை எல்லாரும் காட்டுவான். கொல்லைக் கதவு எங்கேன்னு நீதான் கேக்கணும்.

கேமராக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. 2005ல நிக்கான் டி2எக்ஸ்ல வொயிட் பேலன்ஸ் விவரத்தைச் சங்கேதமாப் பூட்டி வச்சான். உன் படம், உன் காசு, அதுக்குள்ள பூட்டு மட்டும் அவனுது! போட்டோஷாப்புக்கு ரா திறக்குற நிரலை எழுதுன தாமஸ் நோல் பகிரங்கமாவே முறையிட்டாரு. டேவ் காஃபின்னு ஒரு மனுசன், 1997லிருந்து தனியாளா டிசிரான்னு ஒரு நிரலை எழுதி ஊருக்கே சும்மா கொடுத்துட்டு இருந்தாரு. அவரு அந்தப் பூட்டையும் திறந்து வச்சுட்டாரு. இன்னைக்கு இலவசமாக் கிடைக்கிற பல சாஃப்ட்வேருக்கு அவரு வேலைதான் அஸ்திவாரம். இப்படிப்பட்ட ஆளுக்கு ஊர்ல ஒரு ஃபிளெக்ஸ் இல்லை; காது குத்துக்கு அடிக்கிறோம்.

அந்த இலவச வகையில டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் உருப்படியானது. 'இலவசம்'னதும் உன் மூஞ்சி மலர்ந்துருச்சு பாரு! கொஞ்சம் பொறு. டார்க்டேபிளைத் திறந்தா இருக்கிற பகுதிகளைப் பாத்தே உனக்குத் தலை சுத்தும். காசு கேக்காது, பொறுமை கேக்கும். உன்கிட்ட ரெண்டுமே தட்டுப்பாடுதான். ஆனா உக்காந்து கத்துக்கிட்டா ராசா மாதிரி வேலை செய்யலாம், எவனும் மாசக் கடைசியில பூட்டைத் தூக்கிட்டு வரமாட்டான். திருத்தத்தையும் படத்துக்குப் பக்கத்துலயே சின்ன எக்ஸ்எம்பி ஃபைலா எழுதி வச்சிரும்.

கேப்சர் ஒன் டென்மார்க் சரக்கு. ஸ்டூடியோவுல கேமராவை வயர்ல மாட்டி, எடுக்க எடுக்கத் திரையில பாக்குற விளம்பரப் பட வேலைக்குப் பேர் போனது. நீ எடுக்கிறது காது குத்து. பிரான்சுக்காரனோட டிஎக்ஸ்ஓ போட்டோலேப் இருட்டுல எடுத்த படத்துல மணல் மணலா வர்ற நாய்ஸை எடுக்கிறதுல கெட்டிக்காரன், சந்தாவும் இல்லை. ஃபியூஜி எக்ஸ்-டிரான்ஸை 2021 வரைக்கும் வாசல்லயே நிறுத்தி வச்சிருந்தான். உன் கேமரா அவன் பட்டியல்ல இருக்கான்னு பாத்துட்டுக் காசைக் கட்டு.

அடுத்தது... ஏலே, தலையைக் குனியாத. கிராக் போட்ட லைட்ரூம் பென் டிரைவ்ல இருக்குல்ல? தர்மம் நியாயம்னு பேச வரலை, பேசுனா எந்திரிச்சுப் போயிருவ. வேலைக்கே ஆகாதுன்னு சொல்றேன். கேனான் 2018ல எம்50 கேமராவோட சிஆர்3ன்னு புது ரா ரகத்தை விட்டான். அதுக்கு முன்னாடி நின்னுபோன பழைய லைட்ரூமுக்கு அது என்னன்னே தெரியாது. லட்ச ரூபாய்க்கு கேமரா வாங்கிட்டுத் திருட்டுச் சாவியை வச்சுத் துழாவிட்டு இருக்க. நியாயமாக் காசு கொடுத்து லைட்ரூம் 6 வாங்குனவனுக்கும் அதே சிக்கல்தான். அவனுக்காச்சும் அடோபியோட டிஎன்ஜி கன்வர்ட்டர் சும்மாவே கிடைக்குது. புது ராவை டிஎன்ஜிங்கிற ரகமா மாத்திக் கொடுத்தா பழைய லைட்ரூமும் திறக்கும்.

எதை வாங்குறதா இருந்தாலும் சோதிச்சுப் பாரு. சில நாளைக்குச் சும்மாதான் விடுறான். அப்போ ஊட்டியில எடுத்த அழகான படத்தைப் போட்டுப் பாக்காத. அது எதுல போட்டாலும் நல்லாத்தான் வரும். உன் படத்துலயே கேவலமானதை எடு. மண்டபத்து மேடை, பின்னால ஊதா எல்ஈடி, மேல டியூப்லைட், வீடியோக்காரன் லைட் ஒரு பக்கம், நடுவுல அரக்குப் பட்டுல ஜரிகை. அந்தச் சிவப்புல நூல் தெரியுதா, இல்லை ஒரே குழம்பா அப்பிக்கிடக்கான்னு பாரு. கறுப்பான மாப்பிள்ளையைக் கறுப்பாவே, களையாக் காட்டுதான்னு பாரு. அவன் பெத்தவங்களுக்கு இல்லாத வெட்கம் உனக்கு எதுக்கு? 'சினிமாட்டிக் பிரீசெட்'னு நூறு ரூபாய்க்கு வாங்கி வச்சிருக்கியே, அதை ஏத்துனா மஞ்சள் கயிறு பழுப்பாகுது, வாழையிலை சாம்பலாகுது. பந்தியில சாம்பல் இலையில சோறு போட்ட குடும்பம்னு அவங்களை நாளைக்கு ஊர் சொல்லணுமா?

சரி, நேரா சொல்றேன். மாசத்துக்கு நாலஞ்சு கல்யாணம் உறுதியா வருதுன்னா லைட்ரூம் சந்தாவைக் கட்டு, அதையும் பில்லுல சேத்துக்க. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம்தான் வேலைன்னா கேமராவோட வந்ததும் டார்க்டேபிளும் தாராளம். மிச்சக் காசுல ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒண்ணை வேற வீட்டுல வை. அப்புறம், ஆவணியில முடிஞ்ச கல்யாணத்துக்கு இன்னும் ஆல்பம் போகலையாமே? பொண்ணோட அப்பா நேத்து டீக்கடையில என்கிட்டதான் கேட்டாரு. இப்போ கையில என்ன சாஃப்ட்வேர் இருக்கோ அதுலயே கழுவி, வர்ற வெள்ளிக்குள்ள கொண்டுபோய்க் கொடுத்துரு.