பத்துப் பொருத்தமும் ஒரு பூட்டும்

பைக் திருடு போகக் கூடாதென்று சென்னை ஜி.பி. ரோட்டில் டிஸ்க் லாக் கேட்டேன். "லாக் பின் 6 மி.மீ.யா, 10 மி.மீ.யா?" என்றார் கடைக்காரர். ஜாதகத்தை வீட்டில் விட்டுவந்த மாப்பிள்ளை போல விழித்தேன். டிஸ்க் ஓட்டைக்குள் நுழைய வேண்டும், நுழைந்தபின் லொடலொடக்கக் கூடாது, அதுதான் பொருத்தமாம்.

முன்சக்கரத்தில், காலிப்பரை ஒட்டி மாட்டினேன். இனி வண்டி ஓரடி நகராது. மறுநாள் காலை அதை நானே நிரூபித்தேன்: பூட்டைக் கழற்ற மறந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கி, தெரு நடுவே சாஷ்டாங்கமாக விழுந்தேன். நினைவூட்டலுக்காக ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டிய சுருள் கயிறு, அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

திருடன் முறுக்கவே மாட்டான். இரண்டு ஆளாக வந்து குட்டி யானையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவான். ஆகவே கம்பத்தோடு ஒரு சங்கிலியும் போடுங்கள். சுருள் கயிற்றையும் மறக்காதீர்கள். அது திருடனுக்கல்ல, நமக்கு.