மீன் தொட்டி கேட்ட கேள்விகள்

கே: மாடி ஹால் சுவருக்குள் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மீன் தொட்டி பதிக்க ஆசை. தாங்குமா? (பழனி ரோடு, திண்டுக்கல்)

ப: கீழ்வீட்டில் குடியிருப்பது யார்? தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, கல், மணல் சேர்ந்தால் டன்னை நெருங்கும். வீட்டுத் தளத்துக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்பதுதான் கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 875 சொல்லும் கணக்கு. உங்கள் தொட்டி அதில் நாலு மடங்கு. தரைத்தளம் உத்தமம். மாடிதான் என்றால் இன்ஜினீயரைக் கேளுங்கள். மேஸ்திரியைக் கேட்டால் "தாங்கும் சார்" என்பார்.

கே: தொட்டிக்குப் பின்னால் தனி அறை வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். வீண்செலவுதானே? (சின்னாளப்பட்டி)

ப: நான் உங்கள் மகன் கட்சி. ஹாலில் உட்காருபவருக்கு மீன் தெரியும்; வேலை முழுக்கப் பின்பக்கம்தான். தொட்டிக்கு மேல் வலையும் கையும் போக ஒன்றரை அடி, பின்னால் ஆள் நின்று திரும்ப இரண்டடி விடுங்கள். தரையில் வாட்டம் வைத்து வடிகால், பக்கத்தில் ஒரு குழாய். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி ஏறட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாவிட்டால் சுவர் பூஞ்சை பிடிக்கும். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்துக்காரர் என்பதற்காக அறையை இறுகப் பூட்டி வைத்துவிடாதீர்கள்!

கே: எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. மீன் பிழைக்குமா? (பேகம்பூர்)

ப: தண்ணீரோடு மல்லுக்கட்டாதீர்கள், அதற்கு ஏற்ற மீனை வாங்குங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். மோலி, கப்பியும் சமாளிக்கும். டிஸ்கஸ் மீன்தான் வேண்டுமென்றால் ஆர்.ஓ.வுக்குச் செலவழியுங்கள். தோல் பதனிடும் ஷாப் பக்கத்து போர் என்றால் கதையே வேறு: பரிசோதிக்காமல் ஒரு குடம்கூட ஊற்றாதீர்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் காற்றுக் குழாய் விட்டு வைத்தால் குளோரின் போய்விடும்.

கே: தொட்டி ரெடி. ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் போய் மீன்களை மொத்தமாக அள்ளி வரட்டுமா? (ஒட்டன்சத்திரம்)

ப: அடுத்த ஞாயிறு அடக்கம் செய்யவா? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் நாலைந்து மீனாக விடுங்கள். மாற்றி எடுக்கும் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் அதற்குத் தீனி.

கே: மே மாதம் கரண்ட் போனால்? (வத்தலகுண்டு)

ப: சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கிவையுங்கள். கரண்ட் இருக்கும்போது தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வீசினாலே இரண்டு டிகிரி இறங்கும்.

கே: மீன் ரொம்பப் பெரிதாகிவிட்டால் குளத்தில் விட்டுவிடலாமே? (நாகல் நகர்)

ப: கூடாது. தொட்டி சுத்தம் செய்ய வாங்கும் சக்கர் மீன் அப்படித்தான் நம் நீர்நிலைகளில் புகுந்து, கரையில் பொந்து போட்டு, வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கும்போதே வளர்ந்தால் எத்தனை அடி என்று கேளுங்கள். "தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும்" என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.