சுவர் கேட்டவர்கள் யார்?

அமெரிக்கா பிறந்த கதையில் கிறிஸ்தவத்தின் பங்கு என்ன? இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியே.

கே: அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகத்தான் பிறந்ததா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். (திண்டுக்கல்)

ப: நாலு வார்த்தையாவது கொடுங்கள். மக்கள், ஆம். அரசு, இல்லை. வேறு புத்தகமே இல்லாத குடியானவன் வீட்டிலும் பைபிள் இருந்த காலம் அது. ஆனால் அந்த மக்கள் தங்களுக்கு எழுதிக்கொண்ட அரசியல் சாசனம் எந்தச் சபைக்கும் தனி நாற்காலி போடவில்லை.

கே: மேஃப்ளவர் கப்பலில் போனவர்கள் எல்லோரும் மதச் சுதந்திரம் தேடித்தானே போனார்கள்? (காரைக்குடி)

ப: 1620-ல் அந்தக் கப்பலில் போன 102 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள். மீதிப் பேர் பிழைப்புத் தேடிப் போனார்கள். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனை உண்டாக்கியது ஒரு வியாபாரக் கம்பெனி. 1630-ல் பாஸ்டன் பக்கம் வந்திறங்கிய பியூரிட்டன்கள், இங்கிலாந்தில் தங்களுக்கு மறுக்கப்பட்ட வழிபாட்டை இங்கே நிலைநாட்டினார்கள். அதே கையோடு மற்றவர்களின் வழிபாட்டை மறுத்தார்கள். விரட்ட விரட்டத் திரும்பி வந்த மேரி டயர் என்ற குவேக்கர் சபைப் பெண்ணை 1660-ல் தூக்கிலிட்டார்கள். விசுவாசத்துக்காகக் கடல் கடந்தவர்களே விசுவாசத்தின் பெயரால் ஒரு பெண்ணின் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். இதை மறைத்துவிட்டு அமெரிக்காவின் பக்தியைப் பேசுவது நேர்மையாகாது.

கே: அடுத்தவர் நம்பிக்கைக்கும் இடம் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லையா? (தஞ்சாவூர்)

ப: இருந்தார். அவரும் ஒரு போதகர்தான். பெயர் ரோஜர் வில்லியம்ஸ். மனசாட்சி விஷயத்தில் அரசு தலையிடக்கூடாது என்றார். பூர்வகுடிகளின் நிலத்தைத் தூக்கிக் கொடுக்க ராஜாவுக்கு என்ன உரிமை என்றும் கேட்டார். 1635-ல் நாடு கடத்தும்படி மாசசூசெட்ஸில் தீர்ப்பானது. பிடித்துக் கப்பலேற்ற ஆள் வருவதற்குள், கொட்டும் பனியில் நடந்தே வெளியேறினார். அவருக்கு ஒதுங்க இடமும் பிறகு நிலமும் கொடுத்தவர்கள் பூர்வகுடிகள். 1636-ல் அங்கே எழுப்பிய ஊருக்கு, கடவுளின் பராமரிப்பு என்ற பொருளில் பிராவிடன்ஸ் என்று பெயர் வைத்தார். குவேக்கர்களின் கொள்கை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. முதிய வயதிலும் அவர்களோடு நாள்கணக்கில் வாதாடினார். ஆனால் ஒருவரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. சபை ஒரு தோட்டம், உலகம் ஒரு காடு, நடுவே சுவர் வேண்டும் என்று எழுதியவர் இவர். தோட்டத்தைக் காப்பாற்றத்தான் சுவர் கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: சுதந்திரப் பிரகடனத்தில் கடவுள் இருக்கிறாரா? (நாகர்கோவில்)

ப: நான்கு இடங்களில் இருக்கிறார். இயற்கையின் கடவுளாக, படைத்தவராக, உலகத்தின் நீதிபதியாக, காக்கும் பராமரிப்பாக. இயேசுவின் பெயர் இல்லை. கையெழுத்திட்ட 56 பேரில், அப்போது போதகராகப் பணியில் இருந்தவர் ஜான் விதர்ஸ்பூன் ஒருவரே. அரசியல் சாசனத்தின் சிற்பி ஜேம்ஸ் மேடிசன், பிரின்ஸ்டனில் இவரிடம் படித்தவர்.

கே: அரசியல் சாசனத்தில்? (ஈரோடு)

ப: 1787 என்று தேதி போடுமிடத்தில் 'நமது ஆண்டவரின் ஆண்டு' என்ற வழக்கமான சொல் உண்டு. அவ்வளவே. பதவிக்கு வர எந்த மதத் தகுதியும் கேட்கக்கூடாது என்று ஆறாவது பிரிவு திட்டமாகச் சொல்கிறது. சாசனம் எழுதக் கூடிய சபையில், தினமும் ஜெபத்தோடு தொடங்கலாம் என்று 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளின் கேட்டுப் பார்த்தார். அது நிறைவேறவில்லை.

கே: ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறதே ரோமர் 13? பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாவை எப்படி எதிர்த்தார்கள்? (பாளையங்கோட்டை)

ப: ராஜாவின் பக்கம் நின்ற ஆங்கிலிக்கன் போதகர்கள் இதே அதிகாரத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். பாஸ்டன் போதகர் ஜோனதன் மேஹ்யூ 1750-லேயே இதற்குப் பதில் சொல்லியிருந்தார். நன்மை செய்யும் ஆட்சிக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தைக் கொடுங்கோலனுக்குக் கேடயமாகக் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய வாதம். 1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' 1 சாமுவேல் 8-ஐக் கையில் எடுத்தது. இஸ்ரவேலர் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டுமென்று சாமுவேலிடம் கேட்க, தம்மையே அவர்கள் தள்ளிவிட்டார்கள் என்று கடவுள் சொல்லும் இடம் அது. இத்தனைக்கும் பெய்னுக்கு பைபிளில் நம்பிக்கை கிடையாது. பின்னாளில் அதை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். ஆனாலும் அந்த மக்களின் மனத்தைத் திறக்கும் சாவி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சபை மேடைகள் மட்டும் பேசாமல் இருந்திருந்தால், பிரிட்டன் போட்ட தேயிலை வரி மீதான கோபம் ஒரு புரட்சியாக வளர்ந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கே: ஜெஃபர்சன் நாத்திகர்தானே? (சேலம்)

ப: நாத்திகர் இல்லை. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அவர் கடவுளை நம்பினார். இயேசுவின் போதனையை மதித்தார். அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் ஏற்கவில்லை. சுவிசேஷங்களிலிருந்து தாம் ஏற்ற பகுதிகளைக் கத்தியால் வெட்டியெடுத்து, ஒட்டி, 1820 வாக்கில் தமக்கென்று ஒரு புத்தகம் செய்துகொண்டார்.

கே: அரசுக்கும் சபைக்கும் நடுவே சுவர் எழுப்பியதே மத விரோதிகள்தான் என்கிறார் எங்கள் சபைப் பெரியவர். சரியா? (தூத்துக்குடி)

ப: பெரியவரிடம் 560 கிலோ சீஸ் கதையைச் சொல்லுங்கள். வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபைதான் அரசு சபை. உரிமம் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்டுகளைச் சிறையில் போட்டார்கள். அவர்கள் கம்பி வழியாகவே பிரசங்கித்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு பேர் இப்படிச் சிறையில் கிடப்பதை, 22 வயது மேடிசன் 1774-ல் நண்பருக்குக் கொதித்துப்போய் எழுதினார். ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டத்தை 1786-ல் வர்ஜீனியாவில் நிறைவேற்றிக் காட்டியவர் அதே மேடிசன்தான்.

அதனால்தான் ஜெஃபர்சன் ஜனாதிபதியானபோது பாப்டிஸ்டுகள் கொண்டாடினார்கள். மாசசூசெட்ஸில் செஷயர் என்ற ஊரின் பாப்டிஸ்ட் விவசாயிகள் 1,235 பவுண்டு எடையில் ஒரே சீஸ் கட்டி செய்தார்கள். அடிமைகளின் உழைப்பு ஒரு துளியும் இல்லாமல் செய்தது என்று பெருமையோடு சொன்னார்கள். அவர்களுடைய போதகர் ஜான் லீலண்ட் அதை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய் 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சனிடம் ஒப்படைத்தார். அதே நாளில்தான் கனெக்டிகட் மாநிலம் டான்பரியின் பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் பதில் எழுதினார். 'பிரிக்கும் சுவர்' என்ற சொல் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நாடாளுமன்ற அரங்கில் லீலண்ட் பிரசங்கம் செய்தார். உட்கார்ந்து கேட்டவர்களில் ஜெஃபர்சனும் ஒருவர். சுவரைக் கேட்டவர்கள் முழங்காலில் நின்று ஜெபித்தவர்கள், ஐயா.

கே: இந்தக் கதையில் நம் ஊருக்கு ஏதாவது பங்கு உண்டா? (சென்னை)

ப: நீங்கள் இருக்கும் ஊருக்கே உண்டு. 1701-ல் போதகர்களை உருவாக்கத் தொடங்கிய ஒரு கல்லூரிக்கு, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் முன்னாள் ஆளுநர் எலிஹு யேல் 1718-ல் துணி மூட்டைகளும் 417 புத்தகங்களும் அனுப்பினார். அதுதான் யேல் பல்கலைக்கழகம். கொடை கேட்டு அவருக்கு வலை வீசிய பாஸ்டன் போதகர் காட்டன் மேத்தர், தரங்கம்பாடி மிஷனரிகளோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

கே: அடிமைகளை வைத்துக்கொண்டு கடவுளைப் பற்றிப் பேச வாய் எப்படி வந்தது? (விழுப்புரம்)

ப: வந்தது. அதுதான் இந்தக் கதையில் ஆறாத புண். மாநிலங்களின் பிரதிநிதிகளைக் கணக்கிடும்போது சாசனம் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. 1808 வரை அடிமை இறக்குமதிக்குக் காவலும் நின்றது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மெதடிஸ்ட் சபையில் ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பரை முழங்காலிலிருந்தே இழுத்து எழுப்பினார்கள். அவரோடு வெளியேறிய ரிச்சர்ட் ஆலன் அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். அவர் விசுவாசத்தை விடவில்லை. 1816-ல் கறுப்பர்களின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையை நிறுவி அதன் முதல் பிஷப்பானார். அமெரிக்காவை நிறுவியவர்கள் என்று பட்டியல் போடும்போது இவர் பெயரையும் சேருங்கள்.

கே: டாலரில் 'கடவுளை நம்புகிறோம்' என்று இருக்கிறதே? (கோவை)

ப: நாணயத்தில் வந்தது 1864-ல். தேசிய வாசகமானது 1956-ல். நாட்டை நிறுவியவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

கே: அரசு கைவிட்ட பிறகு சபைகள் வாடிப்போயினவா? (மதுரை)

ப: அப்படித்தான் பயந்தார் கனெக்டிகட் போதகர் லைமன் பீச்சர். சாசனத்துக்குப் பிறகும் சில மாநிலங்கள் சபைக்கு ஆதரவு தந்துவந்தன. 1818-ல் அங்கே அந்த மாநில அரசின் ஆதரவு நின்றபோது, தன் வாழ்வின் இருண்ட நாள் என்று இடிந்துபோனார். பின்னாளில் அவரே, கனெக்டிகட்டுக்கு நடந்த நன்மைகளிலேயே பெரியது அதுதான் என்று எழுதிவைத்தார். அரசை நம்புவதை விட்டதும் சபைகள் தங்கள் பலத்தையும் கடவுளையும் நம்பக் கற்றுக்கொண்டன என்று காரணமும் சொன்னார். அந்த ஆதரவைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் மேரி டயரைத் தூக்கிலிட்ட மாசசூசெட்ஸ். ஆண்டு 1833.