மூத்திரக் குப்பி மகாத்மியம்

சிறுநீரை அரசியல் மேடையேற்றிய பெருமை இந்தியாவில் மொரார்ஜி தேசாய்க்கு என்றால், அமெரிக்காவில் ரொனால்ட் ரீகனுக்கு. ஒரே வித்தியாசம், மொரார்ஜி தன்னுடையதைப் பற்றிப் பேசினார். ரீகன் ஊரார் எல்லாருடையதையும் கேட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் முதலில் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். 1986 ஆகஸ்டில் அதிபரும், துணை அதிபர் புஷ்ஷும், வெள்ளை மாளிகையின் பெரிய தலைகள் எழுபது பேருக்கு மேலும் ஆளுக்கொரு குப்பியை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். நான்சி அம்மையார் போதைக்கு எதிராக ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த சமயம் அது. 75 வயதுக் கணவர் மாட்டியிருந்தால் வீட்டில் ராச்சோறு கிடைத்திருக்காது. மாட்டவில்லை. அடுத்த மாதமே உத்தரவு போட்டார்: மத்திய அரசில் முக்கியமான வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வரிசையில் வரவும்.

பெரிய இடத்துப் பழக்கம் கீழே இறங்க எவ்வளவு நேரமாகும்? அந்த வருஷத் தேர்தலில் வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் குப்பி பிடிக்கச் சவாலுக்கு அழைத்தார்கள். தெற்கு கரோலினாவில் ஹென்றி மெக்மாஸ்டர் என்ற வேட்பாளர், பழம் தின்று கொட்டை போட்ட செனட்டர் ஹாலிங்ஸை அப்படித்தான் வம்புக்கு இழுத்தார். தம்பி புத்திக்கூர்மைத் தேர்வுக்கு உட்காரத் தயார் என்றால் தானும் குப்பி பிடிக்கத் தயார் என்றார் ஹாலிங்ஸ். ஊரே சிரித்தது. ஹாலிங்ஸ் ஜெயித்தார். மெக்மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை, 2017-ல் அந்த மாநிலத்துக்கே ஆளுநராகிவிட்டார். (அங்கே ஆளுநர் என்பவர் ஓட்டு வாங்கி வருகிறவர். நம்மூர் ராஜ்பவனை நினைத்துக் குழம்ப வேண்டாம்.)

பக்கத்து ஜார்ஜியாவில் இந்த விளையாட்டைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 1990 சட்டப்படி, மாநிலப் பதவிக்குப் போட்டியிட வேண்டுமா, கடைசி முப்பது நாளுக்குள் எடுத்த யூரின் ரிப்போர்ட்டைக் கொண்டு வா. எந்தத் தேதியில் டெஸ்ட் என்பதை வேட்பாளரே குறித்துக்கொள்ளலாம். வருமான வரி ரெய்டுக்கு நாமே நல்ல நாள் பார்த்துச் சொல்லியனுப்புகிற மாதிரி. இதையும் பொறுக்க முடியாமல் லிபர்டேரியன் கட்சிக்காரர்கள் மூன்று பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஜார்ஜியா அரசியல்வாதிகள் போதையில் மிதப்பதற்கு ஆதாரம் எதையும் மாநிலம் காட்டவில்லை, ஒப்புக்காக ஒருவர் உடம்பைச் சோதிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் இடம் தராது என்றார்.

இந்தத் தீர்ப்பை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தலைவர்கள் தப்பித்தார்கள். ஆனால் குப்பி வாங்கி அடுக்கியாயிற்றே, யாரிடமாவது நீட்ட வேண்டாமா? அதற்கும் எட்டு மாதம் முன்பே ஏற்பாடு நடந்திருந்தது. மாணவனாக இருந்தபோது கஞ்சா பிடித்ததுண்டு, ஆனால் புகையை உள்ளே இழுக்கவில்லை என்று 1992 தேர்தலில் வாக்குமூலம் கொடுத்தாரே பில் கிளிண்டன், அவர்தான் 1996 ஆகஸ்டில் ஏழைகளின் உதவித்தொகையை அடியோடு மாற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உதவி வாங்குகிறவர்களுக்குப் போதைச் சோதனை நடத்த மாநிலங்களுக்கு அதில் ஒரு வரி அனுமதி இருந்தது. உள்ளே இழுத்தவர்களுக்கு உதவி கிடையாது. இழுக்காதவர்கள் அதிபராகலாம்.

முதலில் பாய்ந்தது மிச்சிகன். 1999-ல் ஆரம்பித்து ஐந்தே வாரத்தில் கோர்ட் தடை போட்டுவிட்டது. அதற்குள் சோதித்தது 268 பேரை, மாட்டியது 21 பேர், மூன்று பேரைத் தவிர எல்லாரும் கஞ்சா. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கொக்கெய்ன் இரண்டு மூன்று நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். கஞ்சாதான் வாரக்கணக்கில் சம்பந்தி வீட்டுக்காரராகத் தங்கும்.

அதே சமயத்தில் புளோரிடாவும் சில மாவட்டங்களில் வெள்ளோட்டம் விட்டது. 8,797 விண்ணப்பதாரர்களைச் சலித்ததில் போதை தெரிந்தது 335 பேரிடம். செலவு 27 லட்சம் டாலர். ஆராய்ச்சியாளர்கள் பார்த்துவிட்டு, இது வேண்டாத வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்கம் அந்த அறிக்கையைப் பத்திரமாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தது.

பத்து வருஷம் கழித்து வந்தார் நம் கதாநாயகர் ரிக் ஸ்காட். 2011 ஜனவரியில் புளோரிடா ஆளுநர். அதற்கு முன் கொலம்பியா எச்சிஏ என்ற பிரம்மாண்ட ஆஸ்பத்திரிக் கம்பெனிக்குத் தலைவர். அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுப் பணத்தைப் பொய்க் கணக்கு எழுதி உறிஞ்சியதற்காக அந்தக் கம்பெனி கடைசியில் கட்டிய தொகை மொத்தம் 170 கோடி டாலர். ஸ்காட் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை, 1997-லேயே பதவி விலகிவிட்டார். வேறொரு சிவில் வழக்கில் வாக்குமூலம் கேட்டபோது, ஐந்தாவது திருத்தம் தரும் உரிமைப்படி பதில் சொல்ல மாட்டேன் என்று 75 முறை சொன்னார். அரசியல் சட்டத்தின் மேல் அவ்வளவு பக்தி. ஆனால் பக்தி ஐந்தாவதோடு நின்றுவிட்டது, நான்காவதுக்கு வரவில்லை.

பிறகு சொலாண்டிக் என்ற கிளினிக் வரிசையைத் தொடங்கினார். சளி, காய்ச்சல், சுளுக்கு, கூடவே போதைச் சோதனை. ஆளுநராவதற்குச் சில நாள் முன்பு தன் பங்குகளை மனைவியின் டிரஸ்டுக்கு மாற்றினார். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, இதில் என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த வருஷமே கிளினிக்குகள் கைமாறின.

உதவித்தொகை கேட்டு வருகிற எல்லாரையும் சோதிக்க ஸ்காட் கொண்டுவந்த சட்டம் ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. மூன்று பேர் குடும்பத்துக்கு மாநிலம் தரும் அதிகபட்ச உதவி மாதம் 303 டாலர். அதைக் கேட்டு வருகிறவர் முதலில் லேபுக்குப் போய், சுமார் 30 டாலர் கைக்காசைக் கட்டி, குப்பியை நிரப்ப வேண்டும். பாஸானால் காசு திரும்ப வரும். ஃபெயிலானால் ஒரு வருஷத்துக்கு உதவி கிடையாது. கையில் காசில்லாததால்தானே வந்திருக்கிறார் என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. சாராயத்துக்கும் சோதனை இல்லை. முதல் நாள் ராத்திரி முழுப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் நீங்கள் சுத்த சுயம்பிரகாசம்.

ஆர்லாண்டோவில் ஒரு முன்னாள் கடற்படைக்காரர் மட்டும் மாட்டேன் என்றார். தனியாளாகச் சின்னப் பையனை வளர்த்துக்கொண்டு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். போதையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் மேல் என்ன சந்தேகம் என்று சொல், அப்புறம் குப்பியை நீட்டு என்பதுதான் அவர் வாதம். அக்டோபர் 24 அன்று நீதிபதி மேரி ஸ்க்ரிவன் சட்டத்துக்குத் தடை போட்டார். இவர் ஒன்றும் எதிர்க்கட்சி ஆசாமி இல்லை, ஜூனியர் புஷ் நியமித்தவர்.

அந்த நாலு மாதக் கணக்கைப் பாருங்கள். சோதனைக்கு வந்தவர்கள் 4,086. தேறாதவர்கள் 108. நம்மூரில் இது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற எண்ணிக்கை. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மீதிப் பேருக்குச் சோதனைக் காசைத் திருப்பிக் கொடுக்க மாநிலம் செலவழித்தது 1,18,140 டாலர். தேறாதவர்களுக்கு உதவி கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைக் கழித்துப் பார்த்தால், அரசாங்கத்துக்குக் கையைக் கடித்தது 45,780 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை இதைவிட சுத்தமாக எந்த ஆடிட்டரும் நிரூபித்ததில்லை. வக்கீல் ஃபீஸ் இதில் சேரவில்லை.

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. டிசம்பரில் ஆளுநர் பட்ஜெட்டை விளக்கப் பத்திரிகையாளர் கூட்டம் கூட்டியிருந்தார். கோட்டு, டை, எண்கள், கம்பீரம். கூட்டத்தில் 'தி டெய்லி ஷோ' நகைச்சுவை நிகழ்ச்சியின் நிருபர் ஆசிஃப் மாண்ட்வியும் உட்கார்ந்திருந்தார், பம்பாயில் பிறந்த நம்மாள். எழுந்து மரியாதையாகக் கேட்டார்: மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் தாங்களும் போதையில் இல்லை என்று காட்ட இந்தக் குப்பியில் கொஞ்சம் பிடித்துத் தருவீர்களா? சொன்னதோடு நிற்கவில்லை, குப்பியை முன்வரிசைக்கு அனுப்பினார். விவரமான நிருபர்கள், பேனாவும் நோட்டுமாக இருந்தவர்கள், கோயில் விபூதித் தட்டை நகர்த்துகிற பவ்யத்தோடு கைமாற்றிக் கைமாற்றி அதை மேடைக்கு நகர்த்தினார்கள். இதெல்லாம் முன்பே பலமுறை செய்திருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்த ஆளுநர், வேறு கேள்வி இருக்கிறதா என்று பார்வையைத் திருப்பினார். குப்பி காலியாகவே கிடந்தது.

புளோரிடா விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது. 2013-ல் தோற்றது. மறுபடியும் போய் 2014 டிசம்பரில் மறுபடியும் தோற்றது. பையில் வைத்திருக்கிறீர்களே, அந்த ஜார்ஜியாத் தீர்ப்பை இப்போது எடுங்கள். அரசியல்வாதியைக் காரணமில்லாமல் சோதிக்கக்கூடாது என்றால் ஏழையை மட்டும் எப்படிச் சோதிப்பாய் என்றுதான் நீதிபதிகளும் கேட்டார்கள். ஏழை என்பதே சந்தேகத்துக்குப் போதுமான காரணம் என்று மாநிலத்தால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சட்டத்தின் முழு அர்த்தமும் அதுதான் என்பது வேறு விஷயம்.

இதற்கு நடுவில் அதே புளோரிடாவிலிருந்து வாஷிங்டன் போன ட்ரே ரேடல் என்ற புது எம்.பி., உணவு உதவி வாங்குகிறவர்களைச் சோதிக்க மாநிலங்களுக்கு அனுமதி தரும் மசோதாவுக்கு 2013-ல் ஓட்டுப் போட்டார். அதே வருஷம் அக்டோபரில் மூன்றரை கிராம் கொக்கெய்ன் வாங்கும்போது பிடிபட்டார். விற்றவர் மஃப்டி போலீஸ். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த ஜனவரியில் ராஜினாமா செய்தார். அவரைப் பிடிக்கக் குப்பி எதுவும் தேவைப்படவில்லை.

அரிசோனா வேறு வழியில் போனது. எல்லாரையும் இல்லை, சந்தேகப்பட்டவர்களை மட்டும் சோதிப்போம் என்றது. 2009-ல் தொடங்கி மூன்று வருஷத்தில் மாட்டியவர் ஒரே ஒருவர். அவரால் மாநிலத்துக்கு மிச்சம் 560 டாலர். அந்த மகானுக்கு ஒரு சிலை வைத்திருந்தால் அந்த மிச்சமும் போயிருக்கும்.

2016-ல் மில்வாக்கி எம்.பி. க்வென் மூர் ஒரு மசோதா கொண்டுவந்தார். இளவயதில் தனியாகப் பிள்ளை வளர்த்தபோது உதவித்தொகை வாங்கியவர், வரிசையில் நின்றவர்களின் கஷ்டம் தெரிந்தவர். வருமான வரியில் 1,50,000 டாலருக்கு மேல் கழிவு கேட்கிற பணக்காரர்களும் அரசாங்கத்திடம் சலுகை வாங்குகிறவர்கள்தானே, அவர்களும் குப்பி பிடிக்கட்டும் என்றார். பிடிக்க மனமில்லாதவர்கள் எல்லாருக்கும் உள்ள சாதாரணக் கழிவை வாங்கிக்கொண்டு போகலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை. மசோதாவைக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். ஓட்டெடுப்புக்கே வரவில்லை.